பெட்ரோல் பம்ப் ரிலே: மாற்றும் முன் விசாரியுங்கள்

வேலூர், காட்பாடி, திருத்தணி பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பலரிடம் இன்று சொந்தக் கார் இருக்கிறது. பெரும்பாலும் கைமாறி வந்த பழைய கார்தான். சொந்த ஊர்த் திருவிழாவுக்கும், உறவினர் வந்தால் திருமலைக்கும் அதில்தான் போகிறோம். அந்தக் கார் ஒருநாள் சாவி போட்டவுடன் 'கிர்ர், கிர்ர்' என்று சுழன்றும் உயிர் பெறாமல் நின்றால், காரணம் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பெட்டியாக இருக்கக்கூடும். அதுதான் பெட்ரோல் பம்ப் ரிலே.

இதைப் பிடுங்கிப் புதியது செருக இரண்டு நிமிடம் போதும். ஆனால் கோளாறு அதில்தானா என்று அறியப் பத்து நிமிடம் விசாரிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிட விசாரணையே இந்தப் பாடம். மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து படித்தால் நல்லது.

1. ரிலே என்பது என்ன?

பெட்ரோல் பம்ப் என்றவுடன் பெட்ரோல் போடும் பங்க்கை எண்ண வேண்டாம். காரின் டாங்கிக்குள் மூழ்கியிருக்கும் ஒரு சிறு மின்மோட்டாரைத்தான் சொல்கிறேன். டாங்கியிலிருந்து பெட்ரோலை அழுத்தத்தோடு என்ஜினுக்கு அனுப்புவது அதன் வேலை.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்து வண்டிகளில் இது கிடையாது. அவற்றில் என்ஜினின் கேம்ஷாஃப்ட் தள்ளி இயக்கும் இயந்திர பம்பும் கார்புரேட்டரும் இருந்தன. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. 2000ஆம் ஆண்டில் மாருதி 800 காருக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்தது. அதன்பின் புகைக்கட்டுப்பாடு கடுமையாக ஆக, கார்புரேட்டர் மறைந்து மின்பம்ப் எங்கும் வந்துவிட்டது. மின்பம்ப் வந்ததால் அதற்கு ஒரு ரிலேயும் வந்தது.

பம்புக்கு ஏறத்தாழ 4 முதல் 8 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. காரின் மூளையாகிய இ.சி.யு. என்னும் கணினிப் பெட்டியால் அவ்வளவு மின்னோட்டத்தை நேராகத் தர இயலாது; தந்தால் அதுவே கருகிவிடும். ஆகவே இ.சி.யு. ஒரு சிறு மின்னோட்டத்தை ரிலேக்கு அனுப்புகிறது. ரிலேக்குள் உள்ள கம்பிச்சுருள் காந்தமாகி ஓர் உலோகத் தகட்டை இழுக்கிறது. 'டிக்' என்று இரு முனைகள் சேர்கின்றன. அந்த முனைகளின் வழியே பாட்டரியின் பெரிய மின்னோட்டம் பம்புக்குப் போகிறது.

1830களில் அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி இந்தத் தத்துவத்தைச் செய்து காட்டினார். தந்தி முறையில், தொலைவில் நலிந்துபோன மின்னோட்டத்துக்குப் புது வலு கொடுக்க இது பயன்பட்டது. களைத்த அஞ்சல் குதிரையை மாற்றிப் புதுக் குதிரை பூட்டுவதைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'ரிலே' என்ற பெயர் வந்தது. தமிழில் இதை உணர்த்தி என்பர். மெக்கானிக்கிடமும் கடையிலும் கேட்க வேண்டியிருப்பதால் இங்கே ரிலே என்றே எழுதுகிறேன்.

2. நான்கு கால்கள்

ரிலேயின் அடியில் பொதுவாக நான்கு தட்டையான கால்கள் இருக்கும். அவற்றின் எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் எந்தக் காரின் ரிலேயையும் படித்துவிடலாம்.

30: பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம்.
87: பம்புக்குப் போகும் மின்சாரம்.
85, 86: உள்ளே உள்ள கம்பிச்சுருளின் இரு முனைகள்.

ஐந்தாவதாக 87ஏ என்று ஒரு கால் இருந்தால், அது ரிலே ஓய்வில் இருக்கும்போது 30உடன் சேர்ந்திருக்கும் முனை. சிறிய வகை ரிலேக்களில் இந்த எண்களுக்குப் பதில் 1, 2, 3, 5 என்று இருக்கும். அங்கே 1, 2 சுருள். 3 என்பது 30. 5 என்பது 87.

பிள்ளைகளுக்கு ஒரு சிறு கணக்கு. சுருளின் தடை 80 ஓம், பாட்டரி 12 வோல்ட் என்றால் சுருளில் ஓடும் மின்னோட்டம் 12ஐ 80ஆல் வகுக்க 0.15 ஆம்பியர். இந்த 0.15 ஆம்பியர் 6 ஆம்பியரை ஆள்கிறது.

3. ரிலே ஏன் கெடுகிறது?

ஒவ்வொரு முறை சேரும்போதும் பிரியும்போதும் அந்த முனைகளுக்கிடையே ஒரு சிறு தீப்பொறி எழுகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடக்கையில் முனைகள் கருகிக் குழிவிழுகின்றன. கருகிய முனை மின்சாரத்தைத் தடுக்கிறது.

அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பம்பை 2 ஓம் தடையாக வைத்துக்கொள்வோம். ரிலே முனை நன்றாக இருந்தால் 12 வோல்டில் 6 ஆம்பியர் ஓடும். முனை கருகி அரை ஓம் தடை சேர்ந்தால் மொத்தம் 2.5 ஓம், மின்னோட்டம் 4.8 ஆம்பியர்தான். பம்புக்குக் கிடைப்பது 9.6 வோல்ட். மீதி 2.4 வோல்ட் ரிலேக்குள்ளேயே வெப்பமாகிறது. அதன் அளவு 11 வாட்டுக்கு மேல். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு முழுவதுமாக எடுக்கும் மின்சாரத்தைவிட அதிகமான வெப்பம், ஓர் அங்குலப் பெட்டிக்குள்! பெட்டி பழுப்பேறி உருகுவது இதனால்தான்.

இன்னொரு காரணம், உள்ளே உள்ள ஈயப் பற்றவைப்பு விரிசல் விடுவது. 1980, 1990களில் வந்த ஹோண்டா கார்களின் மெயின் ரிலேயில் இது உலகெங்கும் பேர்போன கோளாறு. காலையில் கார் நன்றாகக் கிளம்பும். வெயிலில் நிறுத்திவிட்டு நண்பகலில் வந்து சாவி போட்டால் கிளம்பாது. கதவுகளைத் திறந்து சற்று நேரம் ஆற விட்டால் மறுபடி கிளம்பும். சூட்டில் உலோகம் விரிய, விரிசல் பிரிகிறது, ஆறினால் சேர்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதியில், 'மதியம் மட்டும் மக்கர் செய்கிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ரிலேயைப் பற்றித்தான்.

4. விசாரணை

முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். முள் பொய் சொல்லும் பழைய கார்கள் உண்டு.

அடுத்து, ஸ்டீரியோ, ஏ.சி. விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒருவர் பின்சீட்டின் அருகே காதை வைக்கட்டும். இன்னொருவர் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பட்டும். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். நல்ல காரில் பின்னால் 'ம்ம்ம்' என்று ஏறத்தாழ இரண்டு நொடி ஒலி கேட்டு நிற்கும். பம்ப் ஓடிக் குழாயில் அழுத்தம் ஏற்றும் ஒலி அது. மூன்றாவது ஆள் இருந்தால் ரிலேயின் மேல் விரல் வைத்துப் பார்க்கட்டும். 'டிக்' என்பது விரலுக்குத் தெரியும்.

இனி நிலைமை நான்கில் ஒன்று.

(அ) டிக் உண்டு, ம்ம்ம் உண்டு: பெரும்பாலும் ரிலே நிரபராதி. பிளக், சென்சார் என்று வேறு இடம் பார்க்க வேண்டும்.

(ஆ) டிக் உண்டு, ம்ம்ம் இல்லை: ரிலேயின் முனை கருகியிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், பம்பே கெட்டிருக்கலாம்.

(இ) இரண்டும் இல்லை: ரிலேயின் சுருள் அறுந்திருக்கலாம், அல்லது இ.சி.யு. ஆணையே அனுப்பவில்லை. டாஷ்போர்டில் சாவிப் பூட்டுக்கான சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். இதில் ரிலேயின் குற்றம் எதுவும் இல்லை.

(ஈ) ஸ்டார்ட் செய்யும்போது 'டக டக டக' என்று ரிலே துடிக்கிறது: பாட்டரி பலவீனம், அல்லது பாட்டரி முனையில் பச்சை பூத்துவிட்டது. பாட்டரி செய்யும் அமரராஜா ஆலை திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலேயே இருக்கிறது. நம்மவர் பலர் வீட்டில் பாட்டரி அறிவுக்குப் பஞ்சமில்லை. அவர்களைக் கேளுங்கள்.

(ஆ), (இ) நிலைகளில் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் மாற்றுச் சோதனை செய்யலாம். சாவியை எடுத்துவிட்டு, ஃபியூஸ் பெட்டியில் அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலேயைப் பிடுங்கி பம்ப் ரிலே இருந்த இடத்தில் செருகுங்கள். உருவம் ஒன்றாக இருந்தால் போதாது. மேலே அச்சிட்ட எண்ணும் கால்களின் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது ம்ம்ம் கேட்டால் பழைய ரிலேதான் குற்றவாளி. கேட்காவிட்டால் புது ரிலே வாங்குவது வீண்செலவு.

பத்து நிமிடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சித்தூரில் குடியிருக்கும், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் திருப்பதி போகும்போது சந்திரகிரிக்கு முன்னால் கார் நின்றுவிட்டது. வழியில் கிடைத்த மெக்கானிக் டாங்கியை இறக்கிப் பம்பை மாற்றினார். பல ஆயிரம் செலவு. ஒரு வாரத்தில் அதே இடர் திரும்பியது. கடைசியில் சில நூறு ரூபாய் ரிலேயில் முடிந்தது. அந்த மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். வண்டி பற்றிச் சொல்ல வேண்டியவரும் சொல்லவில்லை, கேட்க வேண்டியவரும் கேட்கவில்லை.

5. பம்பே குற்றவாளியானால்

பம்ப் கெட்டது என்று உறுதியானால் பணம் எடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் காரைக் கம்பெனி திரும்ப அழைத்திருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஜூனில் ஹோண்டா நிறுவனம் இந்தியாவில் 65,651 கார்களை பம்ப் குறைக்காகத் திரும்ப அழைத்தது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்னும் பகுதியில் குறை. அடுத்த மாதமே மாருதி நிறுவனம் 56,663 வேகன்-ஆர், 78,222 பலேனோ என 1,34,885 கார்களை அழைத்தது. 2024 மார்ச்சில் மேலும் 16,041 மாருதி கார்கள், 2024 அக்டோபரில் 90,468 ஹோண்டா கார்கள். இவற்றுக்கெல்லாம் மாற்றுப் பம்ப் இலவசம். கைமாறி வந்த காருக்கு அழைப்புக் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். அல்லது ஷோரூமில் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டிக் கேட்கலாம்.

பம்பின் ஆயுளுக்கு இன்னொரு குறிப்பு. பம்ப் குளிர்வது தன்னைச் சூழ்ந்த பெட்ரோலால்தான். எப்போதும் நூறு ரூபாய்க்குப் போட்டு முள்ளை அடியிலேயே வைத்திருப்பவர் வண்டியில் பம்ப் சூடேறிச் சீக்கிரம் தேயும். மலையேறும்போது வண்டி சாய்வதால், டாங்கியில் கொஞ்சமே இருக்கும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சவும் கூடும். அலிபிரிக்கு வருமுன் கால் டாங்கியாவது இருக்கட்டும்.

6. மாற்றும் முறை

சாவியை எடுத்துவிடுங்கள். பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 10 எண் ஸ்பேனர் போதும். ஃபியூஸ் பெட்டி பானெட்டுக்குள்ளோ டாஷ்போர்டின் அடியிலோ இருக்கும். மூடியின் உட்புறப் படத்தில் எந்த ரிலே எங்கே என்று குறித்திருக்கும்.

ரிலேயை விரல்களால் பிடித்து, இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்து நேராக மேலே இழுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் சாக்கெட் உடையும். பிடுங்கியபின் சாக்கெட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைக் களிம்போ உருகிய பழுப்போ இருந்தால் புது ரிலேயும் அங்கே நீடிக்காது. எலக்ட்ரீஷியன் சாக்கெட்டை மாற்ற வேண்டும்.

பழைய ரிலேயைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே எண் வாங்குங்கள். சில ரிலேக்களுக்குள் ஒரு டயோடு இருக்கும். ரிலேயின் பக்கத்தில் உள்ள படத்தில் அது தெரியும். டயோடு இல்லாத ரிலே இருந்த இடத்தில் அதைச் செருகினால், 85, 86 முனைகளில் பிளஸ் மைனஸ் மாறி டயோடு கருகலாம், இ.சி.யு.வுக்கும் கேடு வரலாம்.

கால்களைச் சரிபார்த்து முழுதும் அமரும்வரை அழுத்துங்கள். பாட்டரியை மாட்டுங்கள். சாவியை ஆன் செய்து இரண்டு நொடி, ஆஃப். இப்படி மூன்று முறை. பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் உடனே நிறுத்துங்கள். வாடை அடிக்கும் வண்டியின் அருகே பீடி சிகரெட் மட்டுமல்ல, பயணத்துக்கு முன் காட்டும் சூடமும் கூடாது.

7. 'டைரக்ட்' வேண்டவே வேண்டாம்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வையுங்கள். ரிலே கிடைக்காதபோது சிலர் 30க்கும் 87க்கும் ஒரு துண்டு ஒயர் போட்டு, 'டைரக்ட் கொடுத்துவிட்டேன், இனி தொந்தரவே இல்லை' என்பார்கள். கார் ஓடும். உண்மையில் அப்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

ரிலே வெறும் சுவிட்சு அன்று, வாயிற்காவலன். என்ஜின் சுழல்கிறது என்ற செய்தியை ஒரு சென்சார் இ.சி.யு.வுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. விபத்தில் என்ஜின் நின்றால் அந்தச் செய்தி நிற்கிறது. உடனே இ.சி.யு. ரிலேயை விடுவிக்கிறது, பம்ப் நின்றுவிடுகிறது. டைரக்ட் கொடுத்த காரில் என்ஜின் நின்றாலும் பம்ப் நிற்காது. குழாய் உடைந்திருந்தால் சூடான என்ஜின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். உள்ளே நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினையுங்கள். சில நூறு ரூபாய்க்காக அந்தக் காவலனை வேலையிலிருந்து நீக்கலாமா?

பழைய கார் வாங்குவோர் ரிலே இருக்கும் இடத்தில் ஒயர் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்தே வாங்குக.

8. மலைப்பாதையில் நின்றால்

திருமலைக்கு ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. இப்போது இறங்கும் பாதை 1944இல் திறந்தது. ஏறும் பாதை 1974இல் வந்தது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் வளைவுகள். நடுவில் என்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கின் உதவிவிசை ஓரிரு மிதிக்குத்தான் இருக்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்து ஓரம் கட்டுங்கள். கைப்பிரேக், முதல் கியர், சக்கரத்துக்குக் கல், நான்கு பக்க விளக்கு. முதியோரையும் பிள்ளைகளையும் வண்டிப் பக்கம் நிற்கவிடாமல் மலைச்சுவர் ஓரமாக நிறுத்துங்கள்.

மாற்றுச் சோதனையில் சொன்னபடி வேறு ரிலே ஒன்றைக் கடன் வாங்கி மலையைக் கடக்கலாம். ஆனால் எதைக் கடன் வாங்குவது? வளைவில் ஹார்ன் வேண்டும். ஏற்றத்தில் ரேடியேட்டர் விசிறி வேண்டும். இருட்டில் ஹெட்லைட் வேண்டும். இவற்றைத் தொடாதீர்கள். எண் ஒத்திருந்தால் ஏ.சி.யின் ரிலேயை எடுங்கள். வியர்த்தாலும் பத்திரமாக ஊர் சேரலாம்.

9. மெக்கானிக்கிடம் சொல்ல

புதிதாக வந்த குடும்பங்களுக்காக நான்கு தெலுங்கு வாக்கியங்கள். சித்தூரில் தமிழே போதும்; திருப்பதிக்கு அப்பால் உதவும்.

பண்டி ஸ்டார்ட் அவ்வட்லேது: வண்டி கிளம்பவில்லை.
பம்ப் சப்தம் ராவட்லேது: பம்ப் சத்தம் வரவில்லை.
முந்து ரிலே செக் சேயண்டி: முதலில் ரிலேயைப் பாருங்கள்.
டைரெக்ட் இவ்வொத்தண்டி: டைரக்ட் கொடுக்காதீர்கள்.

எந்தச் சத்தம் வருகிறது, எது வரவில்லை என்று சொல்லத் தெரிந்தவரிடம் மெக்கானிக்கும் மதிப்போடு பேசுவார் என்பது என் அனுபவம்.

பயிற்சி

1. நண்பகலில் மட்டும் கிளம்பாத காரில் ரிலேக்குள் என்ன நடக்கிறது?
2. சுருளின் தடை 100 ஓம் என்றால் 12 வோல்டில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு?
3. டிக் கேட்டு ம்ம்ம் கேட்காவிட்டால் சோதிக்க வேண்டிய மூன்று எவை?

மூன்றுக்கும் வழி பாடத்திலேயே இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கார் நன்றாக ஓடும் நிலையிலேயே பிள்ளையைப் பின்சீட்டில் உட்காரவைத்து அந்த 'ம்ம்ம்' ஒலியைக் கேட்கச் சொல்லுங்கள். ரிலேயின் எண்ணை ஒரு தாளில் எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள், நான் ஒட்டியிருக்கிறேன். அதே எண்ணில் உதிரி ரிலே ஒன்று வாங்கி டூல்ஸ் பையில் போட்டுவையுங்கள்.